மாய வாசலின் காவல் கோட்டைக்கு வரலாறு எழுதுவது

நேயர்களுக்கு வணக்கம்.

மலை இடுக்கில் ஒரு வாசல். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வெளியே வந்தால் நாடு தாங்காது என்று மட்டும் தெரியும். அந்த வாசலைக் காக்க ஒரு கோட்டை. மாயக் கதைகள் படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் இந்தக் கோட்டை நன்கு பழகியது. எந்த உலகத்தைக் கற்பனை செய்தாலும் அதன் வடக்கு மூலையிலோ பாலைவன ஓரத்திலோ இப்படி ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

அதற்கு ஒரு வரலாறு எழுதச் சொன்னால் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? வாசல் திறந்துகொண்ட மூன்று இரவுகளுக்கு முப்பது பக்கம். திறக்காமல் கிடந்த இருநூறு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு வரி: "அதன்பின் நெடுங்காலம் அமைதி நிலவியது." நான் அந்த ஒரு வரியின் கட்சி. கோட்டையின் வரலாறு அந்த வரிக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்றுமே நடக்காதபோது மதிலில் யார் நின்றார்கள், அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள், தாழ்ப்பாளுக்கு யார் எண்ணெய் விட்டார்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால்தான் அந்த மூன்று இரவுகளில் என்ன நடந்திருக்கும் என்பதே விளங்கும்.

முதலில் மதில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோட்டைக்கும் பகைவர் வெளியே இருப்பார். நம் கோட்டைக்குப் பகை உள்ளே இருக்கிறது. எனவே எல்லாமே திரும்பிக்கொள்ள வேண்டும். மதிலின் கனமான முகம் உள்முற்றத்தைப் பார்க்க வேண்டும். வீரர் மறைந்து நிற்கும் ஞாயில்களும் அந்தப் பக்கம்தான். அம்பு விடும் ஏப்புழை பகைவர் பக்கம் குறுகலாகவும் வில்லாளி நிற்கும் பக்கம் அகலமாகவும் இருக்கும். இங்கே குறுகிய வாய் முற்றத்தை நோக்கி இருக்கும். மதிலில் ஏறும் படிக்கட்டு உலகத்தின் பக்கம். கிணற்றை முற்றத்தின் நடுவில் வெட்டினால் வாசல் திறந்த முதல் நாழிகையிலேயே அது கைவிட்டுப் போகும். அதனால் தண்ணீரும் மதிலுக்குப் பின்னால்தான்.

படம் போட்டுக் காட்ட முடியாத இடத்தில் பேசுகிறேன், ஆகவே உங்கள் இடது கையை நீரள்ளுவதுபோலக் குழித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுதான் மலை. வாசல் அங்கே இருக்கிறது. விரல்கள் மதில். பலர் வாசலை நடுவில் வைத்து முழு வட்டமாக மதில் எழுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்தப் பக்கத்து வில்லாளி குறி தவறி விடும் அம்பு எதிர்ப்பக்கத்துத் தோழனின் மார்பில் போய்த் தைக்கும். விரல் நுனியில் நிற்பவர்கள் மணிக்கட்டை நோக்கி எய்தால் தவறிய அம்பு பாறையில் படும், அவ்வளவுதான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று பார்க்கின்றன. அங்கே நிற்பவர்களுக்குக் கீழ்நோக்கி மட்டுமே எய்ய அனுமதி. தூரம் ஐம்பது, அறுபது மீட்டர் போதும். இருட்டில் அதற்கு மேல் குறி நிற்காது.

வெளிப்பக்கத்துக்கும் ஒரு மதில் வேண்டும், மெல்லியதாக இருந்தாலும் போதும். அந்த வாசலைத் திறந்து பார்க்க ஆசைப்படும் மன்னர்களும் புதையல்காரர்களும் உலகத்தின் பக்கமிருந்துதான் வருவார்கள்.

இனி, சொல்லியே ஆக வேண்டிய ஒரு பழைய செய்திக்கு வருகிறேன். இது கற்பனைக் கோட்டையைப் பற்றியதில்லை. நாட்டை அழிக்கும் யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைத் துல்கர்னைன் என்ற மன்னர் இரும்பும் உருக்கிய செம்பும் கொண்டு அடைத்ததாகக் குர்ஆன் கூறும் சுவரைப் பற்றி நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இராக்கின் சாமர்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அப்பாசியக் கலீபாக்களில் ஒருவர் அல் வாஸிக். அந்தச் சுவர் உடைந்துபோனதாக அவர் ஒரு கனவு கண்டார். கண்டவர் சும்மா இருக்கவில்லை. ஸல்லாம் என்ற மொழிபெயர்ப்பாளரோடு ஐம்பது பேரைச் சேர்த்து, போய்ப் பார்த்து வரச் சொன்னார். போய்த் திரும்ப இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ஸல்லாம் சொன்னதைப் புவியியல் அறிஞர் இபின் குர்தாத்பே எழுதி வைத்திருக்கிறார். அவர் பார்த்தது எந்தச் சுவர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதை விடுங்கள். அவர் எதையெல்லாம் கவனித்தார் என்று பாருங்கள்.

பெரிய கதவு. அதன் குறுக்கே தாழ்ப்பாள். ஒவ்வொன்றும் உலக்கை பருமனுள்ள பன்னிரண்டு பற்கள் கொண்ட திறவுகோல். வாசலுக்கு அருகே இரண்டு கோட்டைகள், இரண்டுக்கும் நடுவே நல்ல தண்ணீர் ஊற்று. கோட்டை ஒன்றில் சுவர் கட்டியபோது பயன்பட்ட இரும்புக் கொப்பரைகளும் கரண்டிகளும் அப்படியே கிடக்கின்றன. மிச்சமான இரும்புச் செங்கற்கள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் துரு ஒட்டிய செங்கல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், நேயர்களே. சுவர் உடைந்தால் உடனே அடைக்க வேண்டுமே என்று யாரோ ஒருவர் மிச்சச் செங்கல்லைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். நல்ல யோசனை. ஆனால் தலைமுறை தலைமுறையாக யாரும் அதைப் புரட்டிப் போடவில்லை, துடைக்கவில்லை. ஈரம் இறங்கி, எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. இனி சுவரில் ஓட்டை விழுந்தால் அதில் ஒரு கல்லைக்கூட உருவ முடியாது. "நெடுங்காலம் அமைதி நிலவியது" என்ற அந்த ஒரு வரி உண்மையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அதே ஸல்லாம் இன்னொன்றும் சொல்கிறார். காவல் தலைவர் குதிரை வீரர்களோடு வருவார். அவர்கள் கையில் இரும்புச் சம்மட்டி. தாழ்ப்பாளை ஓங்கி அடிப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும், காவல் இன்னும் இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காக. அடித்துவிட்டு, உள்ளே அரவம் கேட்கிறதா என்று காது வைத்துக் கேட்பார்கள்.

ஒரு சம்மட்டி அடி எத்தனை வேலை செய்கிறது! உள்ளே இருப்பவனுக்கு எச்சரிக்கை, இது ஸல்லாமே சொன்னது. மற்றவை என் கணிப்பு. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்து விரிசல் கண்டுபிடிப்பார்களே, அதுபோல இங்கே இரும்புத் தாழும் சோதிக்கப்படுகிறது. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். அடுத்தது, காவலர் வருகைப் பதிவு. தலைவரே நேரில் வந்து நிற்பதால் யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். உங்கள் கற்பனைக் கோட்டையிலும் இப்படி ஒரு வழக்கத்தை வையுங்கள். அதை யார் தொடங்கினார், எந்தத் தலைமுறையில் பத்துச் சம்மட்டி ஐந்தாகக் குறைந்தது, எப்போது அது விழாவாக மட்டும் மிஞ்சியது? பாதி வரலாறு அதிலேயே வந்துவிடும்.

சரி, காவலர் எண்ணிக்கை. இங்கே எல்லாருமே தவறுகிறார்கள். "ஆயிரம் வீரர்" என்று எழுதுவது எளிது. பிரிட்டனின் வடக்கே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில், மரப்பலகைத் துண்டில் மையால் எழுதிய ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. முதலாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. படைப்பிரிவின் மொத்தப் பெயர்ப் பட்டியல் 752. வேறு வேலைகளுக்காக வெளியிடங்களில் இருப்பவர் 456. கோட்டையில் இருப்பவர் 296. அதிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் வீங்கிக் கிடப்பவர்கள் 10. ஆக, எழுந்து நின்று வேல் பிடிக்கக்கூடியவர் 265. மீண்டும் சொல்கிறேன்: பெயர் 752, ஆள் 265. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

இதை நம் கோட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். மதிலில் ஒரே நேரத்தில் 40 பேர் நிற்க வேண்டும், நாளுக்கு மூன்று முறைக் காவல் என்றால் 120 பேர். அதே விகிதத்தில் பட்டியலில் ஏறத்தாழ 340 பெயர் இருந்தாக வேண்டும். அமைதி நீள நீள, சம்பளம் வாங்கும் பெயர் குறையாது, நிற்கும் ஆள் குறைவான். வாசல் திறக்கும் இரவில் படைத்தலைவர் நம்பியது பட்டியலை. அங்கிருந்தே உங்கள் போர்க்கதையைத் தொடங்கலாம்.

சம்பளம் யார் தருவது? இதற்கும் ஒரு நிஜம் இருக்கிறது. காகசஸ் மலைக் கணவாய்கள் வழியாக வடக்கிலிருந்து குதிரைப் படைகள் இறங்காமல் பாரசீகம் காவல் வைத்திருந்தது. "இந்தக் காவலால் உங்களுக்கும்தானே நன்மை, செலவில் பங்கு கொடுங்கள்" என்று கிழக்கு ரோமானியப் பேரரசை அது பல தலைமுறையாகக் கேட்டு வந்தது. பணம் கேட்டதும் தர மறுத்ததும் போருக்கே காரணங்களாயின. 532-இல் சமாதானம் பேசியபோது பேரரசர் ஜஸ்டினியன் 11,000 ரோமானிய ராத்தல் பொன் தர ஒப்புக்கொண்டார். இன்றைய அளவில் மூன்றரை டன்னுக்கு மேல். 562-இல் போட்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்தே அந்த வாசல்கள் வழியாக யாரையும் விடக்கூடாது என்பதுதான். எனவே, கோட்டைக்குப் பின்னால் இரண்டு நாடுகளாவது இருக்கட்டும். ஒருவர் காவல் காப்பார், மற்றவர் பணம் தருவார், ஒருவர் மற்றவரை நம்ப மாட்டார்.

அந்தக் காவலில் முக்கியமானது காஸ்பியன் கடலோரத்து தெர்பெந்த். கடலுக்கும் மலைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தை ஆறாம் நூற்றாண்டில் இரண்டு இணையான கல்மதில்களால் அடைத்தார்கள். மதில் கரையோடு நிற்காமல் கடலுக்குள்ளும் நீண்டது, ஆழமில்லாத தண்ணீரில் நடந்து சுற்றிப் போய்விடக் கூடாது என்று. இரண்டு மதில்களுக்கும் நடுவே ஊர் வளர்ந்தது, இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். உங்கள் வாசலையும் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டையைச் சுற்றி வளரும் ஊரையும் மறக்க வேண்டாம்.

தண்ணீருக்கு வருகிறேன். சுமார் 350 பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், ஆக 1,750. குதிரையும் கோவேறு கழுதையுமாக 40 விலங்குகள், ஒவ்வொன்றுக்கும் 30 லிட்டர், ஆக 1,200. நாளுக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர். ஆறு மாத முற்றுகைக்கு 5,40,000 லிட்டர். பதினைந்து மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், கால் பங்கு வீணாகும் என்று வைத்தால், 1,200 சதுர மீட்டர் கூரை நீரைத் திருப்பினால் ஓராண்டில் அது நிரம்பும். இது முற்றுகைக்கான சேமிப்பு மட்டும். அன்றாடச் செலவுக்குத் தனியாக ஓர் ஊற்று வேண்டும்.

எங்கே கெடும்? முதல் மழையை வெளியே விடாமல் அப்படியே தொட்டிக்குள் விட்டால் கூரையிலுள்ள பறவை எச்சம் எல்லாம் உள்ளே போகும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஊற்று நீரே போதுமே என்று தொட்டியைக் காலியாகப் போட்டு வைத்தால் சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் வேர் இறங்கும். காலித் தொட்டியில் யாராவது வைக்கோல் அடைத்து வைப்பார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அது வைக்கோல் கிடங்கு என்றே பெயர் பெற்றுவிடும்.

தானியமும் அப்படித்தான். ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ என்றால் ஆறு மாதத்துக்கு 63 டன். கோவேறு கழுதை ஒன்று நூறு கிலோ சுமக்கும். 630 சுமை ஏற வேண்டும், கழுதைக்கான தீனி தனி. களஞ்சியத்தின் தளம் தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும். ரோமானியர் அப்படித்தான் கட்டினார்கள். பழைய தானியத்தை முதலில் தின்று, புதியதை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். அமைதிக் காலத்தில் அதிகாரி மேலே ஒரு சாண் நல்ல தானியமும் கீழே பதருமாக வைத்துக் கணக்குக் காட்டுவார். சோதிக்க வருபவர் கையில் குத்தூசி இருக்கிறதா? இருந்தால் அவர் நேர்மையானவர் என்று வாசகர் தானே புரிந்துகொள்வார்.

நேரம் நெருங்கிவிட்டது. கட்டுமானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். கோட்டையை ஒரே மூச்சில் கட்டி முடித்ததாக எழுதாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து காற்றை வாங்கித்தான் இறுகும். கனத்த சுவரின் நடுப்பகுதி வெகுகாலம் ஈரமாகவே இருக்கும், பனியில் உறைந்தால் உதிரும். வேல்ஸில் போமாரிஸ் கோட்டை வேலை 1295-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே 400 கொத்தர்கள், 2,000 சிற்றாட்கள், பாறையிலிருந்து கல் பெயர்ப்பவர்கள் 200 பேர், 30 கொல்லர்களுக்குப் பணம் கேட்டுக் கடிதம் போனது. பணம் வற்றியது. அந்தக் கோட்டை கடைசிவரை முழுமையாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை.

கடைசியாக, கோட்டை எப்படி விழும்? இதற்குத்தான் நிறைய வைத்திருந்தேன், ஒரு நிமிடமே இருக்கிறது. சிரியாவில் சிலுவைப் போர் வீரர்கள் கையிலிருந்த கிராக் தே ஷெவாலியே என்ற மாபெரும் கோட்டை. 1271-இல் எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் முற்றுகையிட்டு வெளிமதில்களைக் கடந்துவிட்டார். உள்கோட்டை மட்டும் நின்றது. சரணடையலாம் என்று மேலிடம் அனுமதி தந்ததாக ஒரு கடிதம் வந்தது, உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். அந்தக் கடிதம் போலி என்று சொல்லப்படுகிறது.

உங்கள் கோட்டைக்கும் ஒருநாள் ஓர் ஓலை வரும், வாசலைத் திற என்று. அது மெய்யான ஓலைதான் என்று காவல் தலைவர் எப்படிச் சரிபார்ப்பார்? முத்திரையா, இரண்டாக வெட்டிப் பகிர்ந்த நாணயமா, இரண்டே பேர் அறிந்த சொல்லா? அதை முடிவு செய்துகொண்டு, அந்த முறை எந்தத் தலைவரின் காலத்தில், என்ன காரணத்தால் விட்டுப்போனது என்று எழுதத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.