மணலுக்குள் ஒளிந்திருக்கும் கலஹாரி ட்ரஃபிளை அடையாளம் காண்பது எப்படி?

[திரையில்: டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டம், மழைக்குப் பின்]

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வளர்ந்த நமக்குக் காட்டுக் காளான் என்றதும் நினைவுக்கு வருவது, கோடை மழை பெய்து ஓய்ந்ததும் கரையான் கூட்டின் மேல் பெருங்குடையாக விரியும் அமகோவே. அதைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும். இன்று நாம் பார்க்கப்போவதோ மண்ணுக்கு வெளியே தலைகாட்டாமலேயே முதிர்ந்துவிடும் ஒரு பூஞ்சை. ஆஃப்ரிகான்ஸ் பேசுவோர் நாபா என்றழைக்கும் கலஹாரி ட்ரஃபிள்தான் அது.

அறிவியலாளர் நெடுங்காலம் இதை டெர்ஃபேசியா என்னும் பாலைவன ட்ரஃபிள் பேரினத்தில் வைத்திருந்தனர். 2005ஆம் ஆண்டில்தான் இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து, கலஹாரிட்யூபர் ஃபைலி என்று பெயரிட்டனர். ஐரோப்பிய உணவகங்களில் சீவித் தூவும் கறுப்பு ட்ரஃபிளின் கடும் மணம் இதற்கில்லை. ஆகவே நாயையோ பன்றியையோ மோப்பம் பிடிக்கவிட்டுத் தேடும் படங்களை இங்கே மறந்துவிடலாம்.

[திரையில்: வடக்கு கேப் மாகாணம், செம்மணல் மேடுகள்]

இதை அடையாளம் காணும் வேலை, கிழங்குபோல் திரண்ட ட்ரஃபிளைக் கையில் எடுத்த பிறகு தொடங்குவதன்று. நிற்கும் நிலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தெற்குக் கலஹாரிப் பாலைநிலத்தில் பெரும்பாலான இடங்களுக்கு அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கிறது. அந்த வறண்ட மணலில், தர்பூசணிக்கு உறவான சம்மா கொடி படரும் இடங்களிலும், புற்களும் முட்புதர்களும் நிற்கும் இடங்களிலும் இப்பூஞ்சையின் இழைகள் செடிகளின் வேர்களோடு உறவாடி வாழ்கின்றன. போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் இதே மணற்பரப்பு தொடர்வதால் அங்கும் இது கிடைக்கிறது. கோடை மழை போதிய அளவு பெய்த ஆண்டுகளில், தென்னாப்பிரிக்க இலையுதிர்காலமான ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் சித்திரை வைகாசியில், அறுவடை கூடிவரும். மழை பொய்த்தால் அந்த ஆண்டு தேடிப் பயனில்லை.

[திரையில்: மணலில் வெடிப்பு, மிக அருகில்]

உள்ளே கிழங்கு பருக்கும்போது மேல்மண் இலேசாக உப்பி, நடுவிலிருந்து கதிர் பிரிவதுபோல் வெடிக்கிறது. சாய்வெயில் விழும் காலை வேளையில் அந்த வெடிப்பின் நிழல் தெளிவாகத் தெரியும். கலஹாரியின் தொல்குடிகளான, தலைமுறை தலைமுறையாக இதை உண்டுவரும் சான் மக்கள் தேடுவதும் இந்த வெடிப்பைத்தான். கழுதைப்புலிகளும், கீரியினத்தைச் சேர்ந்த மீர்கட்டுகளும்கூட இதைத் தோண்டித் தின்கின்றன. ஒரு குச்சியால் பக்கவாட்டில் மணலை விலக்கினால், பெரும்பாலும் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே அகப்பட்டுவிடும்.

வெளித்தோற்றத்தில் உருளைக்கிழங்கேதான்: வெளிர் மஞ்சள் கலந்த பழுப்புத் தோல், உருண்ட மேற்பகுதி, கீழே குறுகி மணல் ஒட்டிய அடி. ஆனால் தோலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேலிருந்து கீழாக நேர் பாதியாக வெட்டுங்கள். இளமையில் உட்சதை வெண்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும்; முதிர முதிர இளம்பழுப்புத் திட்டுகள் தோன்றி, அவற்றுக்கிடையே வெள்ளை நரம்புகள் ஓடும்.

[திரையில்: வெட்டிய மூன்று துண்டுகள், அருகருகே]

வெட்டிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாகாணத்துப் பைன் தோப்புகளில் உருண்டையாக ஏதேனும் அகப்பட்டால், அது கலஹாரி ட்ரஃபிளாக இருக்க வழியில்லை. அது ஸ்க்ளெரோடெர்மா என்னும் நச்சுக் காளானாக இருக்கக்கூடும். தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அதன் தோல் தடித்திருக்கும். தொடக்கத்தில் வெளுத்திருக்கும் உட்பகுதி விரைவிலேயே கத்தரிக்காய் நிறத்துக்கும் பின்னர் கருமைக்கும் மாறிவிடும். அதைவிடக் கொடியது, கேப் டவுன் பக்கத்து ஓக் மரங்களின் அடியில் முட்டை வடிவில் முளைவிடும் அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் கொடு நச்சுக் காளான். முட்டையைப் பிளந்தால் குடையும் காம்பும் சிறு உருவமாக உள்ளே மடங்கியிருப்பது தெரியும். அப்படி ஒரு வடிவம் தெரிந்தால் உடனே எறிந்துவிட்டுக் கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவுங்கள். அதன் நஞ்சு ஈரலை அழிக்கவல்லது, வேகவைத்தாலும் முறியாது.

தேசியப் பூங்காக்களுக்குள் எதையும் தோண்டியெடுக்க அனுமதியில்லை. தனியார் பண்ணையென்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், மடிப்புகளில் புகுந்த மணலைத் தூரிகையால் தட்டித் தோலைச் சீவிவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு வாயிலும் மணல் நெறுநெறுக்கும். சுவை மென்மையானது. ஆகவே நம் டர்பன் வழக்கப்படி மசாலாவை அள்ளிப் போட்டுக் கறியாக்காமல், வெண்ணெயில் உப்பிட்டு வதக்கியோ தணலில் சுட்டோ உண்பதே எனக்குப் பிடித்த முறை.