பப்பாளிக் குளவிக்குப் பெயர் வைத்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைத்துக் கொட்டும், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் சரி. புழு போன கூட்டிலிருந்து குளவி வருவது உண்மை. ஆனால் வருவது அந்தப் புழு அல்ல, அதைத் தின்று வளர்ந்த குளவிக் குஞ்சு.

இன்று நான் பேச வந்தது அதைவிடப் பொடிசான ஒரு குளவியைப் பற்றி. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மஞ்சள் நிறம். கூடு கட்டாது, நம்மைக் கொட்டாது. செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளேயே இருந்து தின்று வளரும். கடைசியில் மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்த வெறும் கூடாக நிற்கும். அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

இதன் பெயர் அசிரோஃபேகஸ் பப்பாயே. 2003-இல்தான் இந்தப் பெயர் வந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜான் நாய்ஸும் அமெரிக்காவின் மைக்கேல் ஷாஃப்பும் சேர்ந்து வைத்தார்கள். பப்பாளி மாவுப்பூச்சியில் வளர்வதால் 'பப்பாயே'.

பெயர் வைப்பது என்றால் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்வது போல அல்ல. முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். நான் ஒருமுறை தும்மியதில் அரை நாள் வேலை காற்றோடு போய்விட்டது! இந்த வகைக் குளவிகளை, கெடாமல் இருக்கப் போட்டு வைத்த சாராயத்திலிருந்து எடுத்துச் சும்மா காயவிட்டால் திராட்சை வற்றல் போலச் சுருங்கிவிடும். அதனால் பக்குவமாக உலர்த்த வேண்டும். ஒன்றிரண்டின் உணர்கொம்பையும் இறக்கையையும் மயிர்போன்ற ஊசியால் பிரித்து, கண்ணாடித் துண்டில் பிசின் வைத்து ஒட்ட வேண்டும். அப்புறம்தான் மைக்ரோஸ்கோப். கொம்பில் எத்தனை கணு, ஒவ்வொன்றும் நீளமா அகலமா, இறக்கையில் மயிர் எங்கே இல்லை, முட்டையிடும் ஊசி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, ஏற்கெனவே பெயர் பெற்ற உறவுக்காரக் குளவிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். எதிலும் அடங்காவிட்டால்தான் அது புதிது. பிறகு ஒரே ஒரு குளவியை 'இதுதான் மூல மாதிரி' என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி அப்பியது. அப்புறம் மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. வேலியோரப் பார்த்தீனியத்துக்கு யார் மருந்து அடிப்பார்கள்? அங்கிருந்து திரும்பவும் வயலுக்கு வந்துவிடும்.

அது என்ன பூச்சி என்று அடையாளம் கண்டதும் வழி பிறந்தது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், சொந்த ஊர் மெக்சிகோ பக்கம், 1992-இலேயே பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயரைத் தேடிப் போனால் அதன் எதிரிகளின் பெயர்களும் அங்கேயே இருந்தன. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூருக்கு வரவழைத்தார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவிகளைப் பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. மூன்றில் அதிகம் உழைத்தது நம்ம மஞ்சள் குளவிதான்.

உங்கள் வீட்டுப் பப்பாளி இலையில் மாவுப்பூச்சி தெரிந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். இலையைத் திருப்பி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். காய்ந்த பூச்சியின் மேல் வட்டமாக ஓட்டை இருந்தால், ஆள் ஏற்கெனவே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

வணக்கம்.