ஓர் எழுத்து மாறினால்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு இங்கே இடம் தந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, மருந்தாளுநர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. தன் அறுவை அரங்கில் சரிபார்ப்புப் பட்டியலைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பாராட்டெல்லாம் அவருக்கே உரியது.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்கிறோம். 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதுதான் பழைய வடிவம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேர் பேராயிற்று, கொண்டவன் கொன்றவன் ஆனான். மூன்று எழுத்து பிசகியதில் மூலிகை தேடியவன் கொலைகாரனாகிவிட்டான். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

மருத்துவத்தில் நேரும் பிழைகளைப் பற்றி, பணம், பயம், பொறுப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பேச வந்தேன். முதலில் பணம். சிகிச்சை பெறுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே தீங்கு நேர்கிறது, அதில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துப் பிழைகளால் மட்டும் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்பதும் அதன் மதிப்பீடுதான். அந்தக் கணக்கில் ஏறாத பணத்தை என் அக்கா வீட்டில் பார்த்தேன்.

அக்காவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டில் 'வாரம்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழியும் ஒரு கோடும்தான் இருந்தன. மருந்துக் கடையில் கூட்டம். உறையின் மேல் 'தினமும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா ஒரு வேளை தவறமாட்டாள். அத்தான் தினமும் தண்ணீர் எடுத்து நீட்டுவார். எட்டாம் நாள் வாயெல்லாம் புண். சத்துக் குறைவு என்று நினைத்தோம். பத்தாம் நாள் அந்தத் தண்ணீரையே விழுங்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. அப்புறம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பையிலிருந்த மாத்திரை உறையைத் திருப்பிப் பார்த்த ஓர் இளம் செவிலியர்தான், "இதையா தினமும் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அக்காவைக் காப்பாற்றியது.

பதினேழு நாள் படுக்கை. அத்தான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார், பிறகு வேலையே போயிற்று. மகள் ஓர் ஆண்டு படிப்பை நிறுத்தினாள். அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் இன்றும் ஒரு காய்ச்சல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பயம் என்று சொன்னேனே, அது இதுதான்.

சீட்டு எழுதியவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். அவரைத் தண்டித்தால் அடுத்த சீட்டு தெளிவாகிவிடுமா? எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரு பட்டியலை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தார்கள். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கு இறங்கியதாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. கத்திக்குச் செய்ததைச் சீட்டுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம். சீட்டை அச்சிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் எழுத்தெழுத்தாக எழுதுங்கள். வார மருந்து என்றால் கிழமையைக் குறிப்பிடுங்கள். கடையில் கொடுப்பவர் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். வேர் பேராகாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பைப் பற்றிப் பேச நேரமில்லை. வாயிலருகே மேசையில் எங்கள் கோரிக்கைப் படிவம் இருக்கிறது. அக்காவின் அந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள், அப்புறம் கையெழுத்திடுங்கள்.