பனிக்கு மை கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தோய்த்து, நோட்டில் பூப்பூவாகக் குத்தியிருப்பீர்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சும் அந்த வித்தைதான். என்ன, நிறத்துக்கு நிறம் தனிக் கட்டை செதுக்குவார்கள். கட்டையில் நிறம் தடவி, தாளைப் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டுத் தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார்கள்.

இந்த அச்சுக்குப் படம் வரைந்த ஓவியர் கவாசே ஹாசுயி, 1883-இல் தோக்கியோவில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் வரைந்து வருவார். செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு. எல்லோரையும் கட்டி மேய்த்த பதிப்பாளர் வத்தனாபே ஷோசாபுரோ.

எனக்குப் பித்து ஹாசுயியின் பனி மேல்தான். 1925-இல் வந்த சோஜோஜி கோயில் படம். சிவப்பு வாயில், எதிர்க்காற்றுக்குக் குடையைச் சாய்த்து நடக்கும் ஒரு பெண், கொட்டும் பனி. அந்தப் பனிக்கு மை கிடையாது. வெறும் தாள்! பனித்துளி விழும் இடத்தைக் கட்டையில் குடைந்து எடுத்துவிடுவார்கள், அங்கே நிறம் ஒட்டாது. சிவப்புக் கட்டையில் ஒரு குழி, நீலக் கட்டையிலும் அதே இடத்தில் ஒரு குழி. தாள் மயிரிழை நகர்ந்தால் போச்சு, துளியின் ஓரத்தில் சிவப்பு கசிந்துவிடும். வெள்ளை பூசினால் வேலை சுலபம்தானே என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். பூசிய வெள்ளை சுண்ணாம்பு மாதிரி இருக்கும் ஐயா, பனி மாதிரி இருக்காது! மறுபடி சொல்கிறேன், பனிக்கு மை கிடையாது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1923 செப்டம்பரில், தோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் தின்றன. பதிப்பகம் கட்டைகளோடு எரிந்தது. ஹாசுயியின் வீடும் போனது, அதோடு 188 வரைபட நோட்டுகள். நோட்டுதான் அவருக்கு மூலதனம். வேறொருவர் தூரிகையைத் தூக்கி எறிந்திருப்பார். இவர் மறுபடி மூட்டை கட்டி, 102 நாள் ஊர் சுற்றி வரைந்தார்.

இன்னும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. கடைசிப் படத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹிராயிசுமி ஊரின் பொன்மண்டபம். பனி மூடிய படிகளில் ஒரு துறவி, முதுகைக் காட்டியபடி, தனியாக ஏறுகிறார். 1957 நவம்பரில் ஹாசுயி காலமானார். அச்சு முடிந்து வந்தபோது பார்க்க அவர் இல்லை. அதிலும் பனி, வெறும் தாள்தான். வணக்கம்.