மடியில் வளர்ந்த சால்வை

நேயர்களுக்கு வணக்கம். உடம்பு தேறிய கதையைச் சொல்லுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். ஒரு சால்வையை விட்டுவிட்டு அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. அது ஆறுவதற்குள் காய்ச்சல். மூன்று வாரத்துக்கு மேல் படுக்கைதான். எழுந்து நின்ற அன்று கால்கள் இரண்டும் இரவல் வாங்கியவை போல இருந்தன. படுத்தே கிடந்தால் தசை மளமளவென்று கரைந்துவிடும், அதிலும் தொடைத் தசை. தண்ணீர்க் குவளையைப் பிடித்தால்கூடக் கை நடுங்கியது. அந்தக் கையில்தான் பின்னல் ஊசியை எடுத்தேன்.

பின்னத் தொடங்கியது பெரிய முக்கோணச் சால்வை. அதன் மேல் விளிம்பின் நடுவில், பிடரியில் படும் இடத்தில், ஏழே கண்ணிகளோடு, அதாவது ஊசியில் ஏறும் ஏழு நூல் வளையங்களோடு ஆரம்பம். இரண்டு வரிசைக்கு ஒரு முறை நான்கு கண்ணிகள் கூடும். ஓரங்களில் இரண்டு, நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு. முதல் வரிசைகளை முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெம்பு. நூறு வரிசை தாண்டும்போது ஊசியில் இருநூறு கண்ணிக்கு மேல் இருக்கும். உடம்பு தேறத் தேற வரிசையும் நீண்டுகொண்டே போனது. யோசித்துத் தேர்ந்தெடுத்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது.

அப்புறம் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. நீளமான நேர் ஊசிகள் என்றால் சால்வையின் பாரம் முழுக்க மணிக்கட்டில் தொங்கும். இரண்டு ஊசிகளையும் ஒரு வளையும் கம்பி இணைக்கிற வட்ட ஊசியில் பாரமெல்லாம் மடியில் இறங்கிவிடும். பலவீனமான கைக்கு இது பெரிய உபகாரம்.

என் நாள் வரிசைக் கணக்கில் ஓடியது. இரண்டு வரிசை பின்னுவேன். பிறகு நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து, வாசல்வரை நடந்து திரும்புவேன். மறுபடி இரண்டு வரிசை. பார்க்க வந்தவர்கள், "சும்மா படுத்திருக்கலாமே" என்பார்கள். சரி என்று தலையாட்டுவேன். அவர்கள் படியிறங்கியதும் ஊசியைத் தேடுவேன்.

பாதி வரிசைகள் முடிந்த அன்று சால்வையும் பாதி முடிந்ததாகச் சந்தோஷப்பட்டேன். கம்பளி நூலை எடைபோட்டுப் பார்த்தால் கால் பங்குதான் செலவாகியிருந்தது. முக்கோணம் அப்படித்தான்: ஆழத்தில் பாதி என்றால் பரப்பில் கால்தான். வீட்டுக்குள் பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தேன், பாதி குணம் என்று நினைப்பு. மறுநாள் துணி துவைத்து, அலமாரியைக் காலிசெய்து அடுக்கினேன். அதற்கு இரண்டு நாள் படுக்கை.

அதே வாரம் ஓர் இரவு, கண் சொருகும்போதும், இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று பின்னினேன். பூவேலையில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றினால் துளை விழும். பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிக் கணக்கைச் சரிக்கட்டுவோம். எங்கோ ஒரு சுற்றை விட்டுவிட்டேன். ஆறு வரிசை கழித்துத்தான் பூ கோணலாகத் தெரிந்தது. நல்ல வேளை, பத்து வரிசைக்கு ஒரு முறை கண்ணிகளின் ஊடாக வேறு நிறத்தில் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து வைத்திருந்தேன். அதுவரை பிரித்தால் போதும், அதற்குக் கீழே ஒன்றும் அவிழாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் போயின. அதிலிருந்து, இன்னும் ஒரு வரிசைக்குத் தெம்பு இருக்கும்போதே ஊசியைக் கீழே வைக்கப் பழகினேன். துவைப்பதையும் அடுக்குவதையும் அப்படியே.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கும் அளவுக்கு மெல்லிய சால்வைகள் பின்னியிருக்கிறார்கள். என்னுடையது வளையலுக்குள்கூடப் போகாது. போர்த்திக்கொண்டால் முழங்கால்வரை வரும்.

கடைசி வேலை நீட்டிக் காயவைப்பது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தினேன். கொதிநீரும் கசக்கலும் கம்பளியை இறுக்கிவிடும். பிறகு தரையில் விரித்து, இழுத்து இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். அப்போதுதான் துளைகள் திறந்து பூ தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மண்டியிட்டே குத்தினேன். பெட்டியில் குண்டூசி தீர்ந்துவிட்டது, இன்னொரு பெட்டி எடுக்க எழுந்தேன். அலமாரியைத் திறந்து நிற்கும்போதுதான் உறைத்தது, எதையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன்.