கோட்டில் சீட்டு குத்திய குழந்தைகள்

அனைவருக்கும் வணக்கம்.

போர் என்றதும் பீரங்கி, விமானம், தளபதிகள், வரைபடத்தில் அம்புக்குறிகள் என்றுதான் பேசத் தொடங்குவோம். எனக்கு 1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை காலையில் லண்டன் பள்ளிக்கூட வாசல்களில் நின்ற அம்மாக்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அன்று விடியற்காலையில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்துவிட்டது. பிரிட்டன் போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் குழந்தைகளை ஊரைவிட்டு அனுப்பும் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

ஒரு குழந்தையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தோளில் கயிறு கட்டித் தொங்கும் அட்டைப்பெட்டி, அதற்குள் விஷவாயு முகமூடி. கோட்டில் குத்திய சீட்டில் குழந்தையின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர். கையில் ஒரு பை. பை வாங்க முடியாத வீட்டில் தலையணை உறையே பை. என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து ஏற்கெனவே பட்டியல் வந்திருந்தது: மாற்று உள்ளாடை, இரவு உடை, கூடுதலாகக் காலுறை, துண்டு, சோப்பு, சீப்பு, பல் துலக்கும் பிரஷ், கனமான கோட்டு. எழுதியவர்களுக்கு அது சாதாரணப் பட்டியல். உடுத்தியிருப்பதைத் தவிர வேறு துணி இல்லாத பிள்ளையின் அம்மாவுக்கு அது பல நாள் தூக்கத்தைக் கெடுத்த பட்டியல்.

ரயில் எங்கே போகிறது என்று பெற்றவர்களுக்குச் சொல்லப்படவில்லை. போய்ச் சேர்ந்ததும் பிள்ளை ஒரு தபால் அட்டை எழுதும், அதில் முகவரி இருக்கும் என்றார்கள். அந்த அட்டை வரும்வரை தன் பிள்ளை எந்த ஊரில், யார் வீட்டில் தூங்குகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. மூன்று நாளில் இப்படிச் சுமார் 15 லட்சம் பேர் பெரிய நகரங்களிலிருந்து கிளம்பினார்கள். அதில் 8 லட்சத்துக்கும் மேலே பள்ளிப் பிள்ளைகள். 5 லட்சத்துக்கு மேல் கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும். மீதி ஆசிரியர்கள், கர்ப்பிணிகள், உடல் ஊனமுற்றவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையில் காசும் கிராமத்தில் உறவினரும் உள்ளவர்கள் அரசாங்கத்தை எதிர்பார்க்கவில்லை. அப்படித் தாங்களாகவே வெளியேறியவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஆகவே அரசாங்க ரயிலில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

ஏன் இவ்வளவு அவசரம்? பயம்தான். ஸ்பெயினில் குவெர்னிகா ஊர் 1937 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்ததை உலகமே பார்த்திருந்தது. போர் மூண்டால் முதல் 60 நாளில் குண்டுவீச்சில் 6 லட்சம் பேர் சாவார்கள், அதைப்போல இரண்டு மடங்கு பேர் காயப்படுவார்கள் என்று பிரிட்டிஷ் அரசின் நிபுணர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆறு வருடப் போர் முழுவதிலும் அங்கே குண்டுவீச்சில் இறந்த பொதுமக்கள் சுமார் 60,000 பேர். அதுவும் கொடுமைதான். ஆனால் 1939இல் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. 6 லட்சம் என்ற அந்த எண்ணை நம்பித்தான் எல்லா ஏற்பாடும் நடந்தது.

அந்தப் பயம் என்னவெல்லாம் செய்தது, பாருங்கள். காயம்பட்டு வருவோருக்குப் படுக்கை வேண்டும் என்று இரண்டே நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காசநோய்க்காரர்களும் அதில் உண்டு. அவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளுக்கு, பிள்ளைகள் நடுவே திரும்பிப் போனார்கள். வளர்ப்புப் பிராணிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் கொன்றுவிடுவதே அவற்றுக்குச் செய்யும் கருணை என்று ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. மக்கள் நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு மருத்துவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். கொல்லப்பட்டவை ஏழரை லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது ஒரு குண்டுகூட லண்டனில் விழுந்திருக்கவில்லை.

இருட்டடிப்பு வேறு. செப்டம்பர் 1 மாலையிலிருந்தே தெருவிளக்கு கிடையாது. ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் காவலர் வந்து கதவைத் தட்டுவார். நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளையடித்தார்கள். எசெக்ஸில் ஒரு விவசாயி தன் மாடுகள் வண்டியில் அடிபடாமல் இருக்க அவற்றின் உடம்பில் வெள்ளைக் கோடு போட்டார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதம் சாலை விபத்தில் இறந்தவர்கள் முந்தைய வருடச் செப்டம்பரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போரின் முதல் மாதங்களில் லண்டன்வாசியின் உயிருக்கு எதிரி விமானத்தைவிட இருட்டில் வந்த பஸ்தான் ஆபத்து.

சரி, ரயிலில் ஏறிய பிள்ளைகளிடம் திரும்பி வருவோம். நாள் முழுக்கப் பயணம். பல ரயில்களில் கழிவறை கிடையாது. சாயங்காலம் தெரியாத ஊரில் இறங்கி, ஊர்ப் பொதுமண்டபத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஊர்க்காரர்கள் வந்து, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயலில் வேலை செய்யத் தோதான பெரிய பையன்கள் முதலில் போய்விடுவார்கள். வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருக்கும் பெண்பிள்ளைகளும் போய்விடுவார்கள். கண்ணுக்கு அழகான சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது அழுக்குச் சட்டைக்காரன், மூக்கொழுகும் குழந்தை, "தம்பியை விட்டுவிட்டு வரக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாள்" என்று கையை விடாமல் நிற்கும் அக்கா. அந்த மண்டபத்தில் கடைசியாக நின்றவர்கள் எழுபது எண்பது வயதில் அதைப் பற்றிப் பேசும்போதும் குரல் உடைந்திருக்கிறது. குண்டுவீச்சைப் பார்த்தவர்கள்தான் அவர்களும். ஆனால் முதலில் சொல்வது மண்டபத்தை.

வீட்டில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது: ஒரு பிள்ளை என்றால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ். சில நாள்களிலேயே கிராமங்களிலிருந்து புகார்கள் குவிந்தன. தலையில் பேன், உடம்பில் சிரங்கு, இரவில் படுக்கையை நனைக்கிறார்கள், மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை, கட்டிலில் படுக்காமல் தரையில் படுக்கிறார்கள், இலையுதிர் காலம் வந்துவிட்டது, மழைக்கேற்ற செருப்புகூட இல்லை. நாளிதழ்களில் கடிதங்கள், நாடாளுமன்றத்தில் கேள்விகள். அம்மாவைப் பிரிந்த ஐந்து வயதுக் குழந்தை தெரியாத வீட்டில் முதல் ராத்திரி படுக்கையை நனைத்தால் அதற்கு வளர்ப்பைக் குறை சொல்வதா? அப்போது பலர் அப்படித்தான் சொன்னார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை. தங்கள் பிள்ளை போலவே வளர்த்தவர்கள் ஏராளம். போர் முடிந்த பிறகும் சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டவர்கள் உண்டு. கிராமமும் சொர்க்கமாக இல்லை. குழாயும் மின்சாரமும் இல்லாத வீடுகள் அங்கே நிறைய. கைக்குழந்தையோடு போன லண்டன் அம்மாக்களின் பாடு இன்னும் மோசம். பேச ஆளில்லை, போக இடமில்லை, அடுத்தவளின் அடுப்பங்கரையில் காத்திருந்து பால் காய்ச்ச வேண்டும். குண்டும் விழவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 1940 ஜனவரிக்குள் திரும்பிவிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் போன 15 லட்சத்தில் சுமார் 9 லட்சம் பேர் அதற்குள் வீடு வந்துவிட்டார்கள். வந்த பிள்ளைகளுக்கு நகரத்தில் பள்ளிக்கூடம் இல்லை. கட்டடங்களை முதலுதவி நிலையங்களுக்கும் மற்ற போர் வேலைகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பிள்ளைகளும் தெருவில். லண்டன்மீது தொடர்ச்சியான குண்டுவீச்சு 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கியபோது அவர்களில் பலர் அங்கேதான் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பேனும் சிரங்கும் கிழிந்த செருப்பும் போர் கொண்டுவந்தவை அல்ல. எல்லாம் முன்பே இருந்தவை. பிரிட்டிஷ் மக்களில் பாதிப் பேருக்கு உடல்நலத்துக்குத் தேவையான சாப்பாடு கிடைப்பதில்லை என்று ஜான் பாய்டு ஆர் என்ற மருத்துவ விஞ்ஞானி 1936லேயே கணக்கோடு எழுதிவிட்டார். அதைப் படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் படித்திருந்தார்கள். ஆனால் அறிக்கையில் இருந்த குழந்தை இப்போது வசதியான வீட்டின் கூடத்தில் வந்து நின்றது. பிரதமர் சேம்பர்லின் அந்தச் செப்டம்பரில் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட நிலைமை இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது, அக்கம்பக்கத்தவரைப் பற்றி இவ்வளவு அறியாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதினார். அவர் 1924 முதல் 1929 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர். அதற்கு முன் பர்மிங்காமில் மேயராக இருந்தவர். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அமைச்சராக ஐந்து வருடம் உட்கார்ந்தவருக்கே தெரியவில்லை என்றால், ஏழை எவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருந்தான் என்று யோசியுங்கள்.

பார்த்த பிறகு அவர்கள் செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1940 ஜனவரி 8 முதல் ரேஷன். ஆளுக்கு வாரம் 113 கிராம் வெண்ணெய், 113 கிராம் பன்றி இறைச்சி, 340 கிராம் சர்க்கரை. பிறகு இறைச்சி, தேயிலை என்று நீண்டது. அரச குடும்பத்துக்கும் ரேஷன் புத்தகம் உண்டு. ஒரு கடையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் கூப்பனை வெட்டி எடுத்துக்கொள்வார். ரொட்டியும் உருளைக்கிழங்கும் போர் முடியும்வரை ரேஷனுக்கு வரவில்லை, அதனால் வயிறு காயவில்லை. 1940இல் உணவு அமைச்சராக வந்த வூல்டன் பிரபு பல்பொருள் அங்காடி நடத்தியவர். சரக்கு எங்கே தேங்கும், எங்கே பற்றாமல் போகும் என்று அறிந்தவர். அதே வருடம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பால். மலிவு விலைக்கு, முடியாதவர்களுக்கு இலவசம். பள்ளியில் மதியச் சாப்பாடு பெருகிக்கொண்டே போனது. 1944 கல்விச் சட்டம் அதைக் கடமையாகவே ஆக்கிவிட்டது. சரக்குக் கப்பல்களை எதிரி மூழ்கடித்துக்கொண்டிருந்த நாட்டில், போர் முடியும்போது சிசு மரணம் போருக்கு முன்னால் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. பணக்காரர்களின் தட்டு சுருங்கியது, ஏழைகளின் தட்டு நிறைந்தது. மனது வைத்தால் ஓர் அரசால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இதை மனதார மெச்சுகிறேன். மெச்சிய அதே வாயால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 1939 செப்டம்பர் 3 அன்று, சேம்பர்லின் வானொலியில் பேசிய அதே நாளில், வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை அக்டோபர் கடைசியில் விலகியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று வங்காளக் கரையோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளை அரசு பறிமுதல் செய்தது, அரிசியை அப்புறப்படுத்தியது. அக்டோபரில் புயல். விலை ஏறிக்கொண்டே போனது. கல்கத்தாவில் ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் முன்னுரிமை கொடுத்து அரிசி தந்தார்கள். அரிசி விளைந்த கிராமத்துக் கூலிக்காரனுக்கு ஒன்றும் இல்லை. 1943இல் வங்காளத்தில் மூண்ட பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். தானியம் அனுப்பக் கப்பல் கேட்டார்கள். கேட்டவர்களில் லண்டன் அரசில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான மந்திரி ஆமெரியும், அந்த அக்டோபரில் வைஸ்ராயாக வந்த வேவலும் உண்டு. லண்டனில் இருந்த போர் அமைச்சரவை கேட்டதில் சிறு பகுதிதான் கொடுத்தது. ஒரே போர், ஒரே அரசு, ஒரே வருடம். அங்கே குழந்தைக்குப் பால் கணக்கு. இங்கே பிணக்கணக்குக்குக்கூட ஆளில்லை.

பஞ்சம் என்ற சொல்லையே அதிகாரிகள் தவிர்த்துக்கொண்டிருந்தபோது, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1943 ஆகஸ்டில் தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், ஓர் ஆங்கிலேயர். தணிக்கை விதிகளில் புகைப்படத்தைத் தடுக்கும் ஷரத்து இல்லை என்று பார்த்து அந்த வழியில் போனார். அதன் பிறகுதான் வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது. இங்கேயும் கண்ணில் படும்வரை ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் பட்ட பிறகும் நடந்தது போதவில்லை.

அந்த லண்டன் பிள்ளைகளின் பேச்சைப் பிறகு பதிவு செய்தார்கள். அருங்காட்சியகங்களில் அவர்களுடைய குரலும், அந்தத் தபால் அட்டைகளும், கோட்டில் குத்திய சீட்டுகளும்கூட இருக்கின்றன. வங்காளத்து ஏழைகளுக்கும், 1942இல் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த அளவுக்கு யாரும் செய்யவில்லை. செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளையும் ராமநாதபுரத்துக் கூலித் தொழிலாளியும் அந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்து வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்து, அவர்கள் சொன்னது அரைகுறையாக நினைவிருந்தாலும் எழுதி வையுங்கள். அவர்களோடு வந்த டிரங்குப் பெட்டி பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பர்மா நடையைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசலாம். அதற்கு வரும்போது நீங்கள் எழுதியதையும் கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.