சுவரோரத்து ஆங்கிள் வால்வு

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிளஷ் தொட்டிக்குக் கீழே, சுவரை ஒட்டி இருக்கும், தொட்டிக்குப் போகும் தண்ணீரை அடைக்கிற ஆங்கிள் வால்வை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தொட்டி வழிகிற நாளில் அடைக்கப் போனால் கைப்பிடி அசையாது. உள்ளே உப்பு இறுகி, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மூடித் திறந்தால் இந்த நிலை வராது.

கைப்பிடித் தண்டின் ஓரத்தில் மட்டும் சொட்டினால் அவசரப்பட்டு வால்வை மாற்றாதீர்கள். பழைய வகை வால்வில் அங்கே ஒரு நட்டு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் ஒழுக்கு நின்றுவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் வீட்டின் பிரதான வால்வை மூடிவிட்டு, தாழ்வான குழாய் ஒன்றைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். தொட்டியையும் காலி செய்யுங்கள். மரையிட்டு, அதாவது திருகிப் பொருத்திய வால்வைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கழற்றும் கட்டம்தான் எனக்குக் கவலை தருவது. வால்வோடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் குழாயும் திரும்பிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் முழு பலத்தோடு திருகியபோது மரை முறிந்து, பாதி சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. டைல்ஸை உடைத்துத்தான் எடுத்தோம். குழாய் வெளியே தெரிந்தால் அதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக மெல்லத் திருகுங்கள். அசையவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரை அழையுங்கள்.

புது வால்வின் மரை முனை உங்களைப் பார்த்திருக்க, கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை மரையின் மேல் கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் பிரிந்துவிடும். சுவர்க் குழாயில் திருகி முடிக்கும்போது வால்வின் வாய் மேல்நோக்கி நிற்க வேண்டும். சற்றுக் கடந்துவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். டேப்பின் பிடிப்பு போய்விடும். முழுவதும் கழற்றிப் புதிதாகச் சுற்றுவதே நல்லது.

தொட்டிக்குப் போகும் இணைப்புக் குழாய்க்கு டேப் வேண்டாம், ரப்பர் வாஷரே போதும். அந்த வாஷர் பழையதென்றால் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் வாஷர் நசுங்கும், பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும்.

பிரதான வால்வை மெதுவாகத் திறந்து, உலர்ந்த மெல்லிய காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் கறையாகத் தெரியும். மறுநாள் காலை இன்னொரு முறை ஒற்றிப் பாருங்கள். அப்போதும் காகிதம் உலர்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.

வணக்கம்.